விபத்தே நடக்காத கடை

நாட்டின் கதவுகளை அகலத் திறந்துவிட்டோம், இனி யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலும் தொடங்கலாம் என்று டெல்லியில் அறிவித்தார்கள். அந்தச் சேதி கும்பகோணத்துக்கு வந்து சேர்வதற்குள், திறந்த கதவுக்குக் குறுக்கே ஒரு மேஜையைப் போட்டு, பின்னால் ஓர் ஆளையும் உட்காரவைத்துவிட்டார்கள். மேஜையின் பெயர் எரிவாயுப் பாதுகாப்பு வட்ட மையம். ஆளின் பெயர் காயாரோகணம். வட்டத்துக்குள் கேஸ் சிலிண்டர் வைத்துக் கடை நடத்த நினைக்கும் எவரும் அவர் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒரு தீக்குச்சியைக்கூட உரசக் கூடாது.

மையம் ஒரு பழைய வைக்கோல் குடோனில் இயங்கியது. வைக்கோலை எடுத்துவிட்டார்களே தவிர அதன் தூசியை எடுக்கவில்லை. வாசல் ஒன்றுதான். 'அவசர வழி' என்று சிவப்பில் எழுதிய அம்புக்குறி நேராக ஓர் இரும்பு பீரோவைக் காட்டியது. மேஜைக்கு அடியில், ஆபீசுக்கு டீ போடும் சிலிண்டர் படுத்த வாக்கில் கிடந்தது. காயாரோகணம் அதன்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டுதான் மனுக்களைப் படிப்பார். வெயில் காலத்தில் உள்ளங்காலுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று வருகிறவர்களிடம் அவரே சொல்வதுண்டு.

இந்த மேஜைக்கு முன்னால்தான் கமருன்னிஸா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து வந்து நின்றாள். அவள் புருஷன் மூஸா ஷார்ஜாவில் ஓர் ஓட்டலில் கோழி வாட்டிக்கொண்டிருந்தவன். கல்யாணமானதிலிருந்து லீவில் வருவான், பெட்டியைப் பிரிப்பான், பெட்டியைக் கட்டுவான், போய்விடுவான். மாம்பழமும் மழையும் சேர்ந்தாற்போல் ஒரு வருஷத்தை அவள் அவனோடு பார்த்ததில்லை. மகள் ஹுமைரா, அத்தா வந்தால் முதல் நாலு நாள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். இந்தத் தடவை வந்தபோது மூஸா, 'போதும் கமரு, இனிமே போகல' என்றான். சம்பாதித்ததையெல்லாம் போட்டுத் திருப்பனந்தாள் ரோட்டில் ஒரு கடை கட்டினான். சுழலும் கம்பிகளில் கோழியைக் கோத்து கேஸ் நெருப்பில் வாட்டும் கிரில் அடுப்பு ஒன்றைக் கப்பலில் வரவழைத்தான். அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கடை திறந்தால் மூஸா இங்கே. திறக்காவிட்டால், ஆறு மாதம் முடிவதற்குள் அவன் விமானம் ஏறியாக வேண்டும். அதைத் தாண்டினால் ஷார்ஜா விசா செத்துப்போகும், பிழைப்பு அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்றாகிவிடும். அதனால் கமருன்னிஸாவுக்கு அந்தச் சான்றிதழ் ஒரு காகிதமாகத் தெரியவில்லை, புருஷனாகத்தான் தெரிந்தது.

முதல் பரிசோதனைக்குக் காயாரோகணம் ஜீப்பில் வந்து இறங்கினார். டைப்பிஸ்ட் அனுசுயா கையில் நோட்டோடு பின்னால் இறங்கினாள். மூஸா அவர்களைக் கடைக்குப் பின்னால் அழைத்துப்போனான். ஷார்ஜாவில் கண்டபடியே செய்திருந்தான். திறந்தவெளியில், தகரக் கூரை நிழலில், கம்பி வலைக் கூண்டு. சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்க சங்கிலி. அடுப்புக்கும் கூண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அதிகாரி கூண்டைச் சுற்றி வந்தார். அவர் முகம் கருத்துக்கொண்டே போனது.

"என்ன பாய் இது? சிலிண்டரை வெட்டவெளியில நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"காத்தோட்டமா இருக்கணுங்க. தப்பித்தவறிக் கசிஞ்சாக்கூட காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"உங்க சம்சாரத்தோட நகையை இப்படித்தான் கொல்லையில வப்பீங்களா?"

கமருன்னிஸா தன்னையறியாமல் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்த நகைதான் கடைச் சுவராக எழும்பி நிற்கிறதே.

"பாதுகாப்புன்னா என்ன? பூட்டு" என்றார் காயாரோகணம். "நாலு பக்கமும் சுவரு வச்ச ரூமு கட்டுங்க. ஜன்னல் வேண்டாம். கேஸ் வெளியில வந்தாத்தானே ஆபத்து? வெளியில வரவே வழியில்லாம பண்ணிட்டா? எழுதிக்கம்மா அனுசுயா, இது நல்ல பாயிண்ட்."

அனுசுயா எழுதிக்கொண்டாள். மூஸா வாயைத் திறந்தான். கமருன்னிஸா அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். இந்த மனுஷன் ஏதாவது பேசி, அந்த மனுஷன் கோபித்துக்கொண்டு போய்விட்டால், இழப்பது அவள் அல்லவா? அவள் வாழ்க்கையிலேயே அன்றைக்குச் சட்டையை இழுத்ததைப்போல முட்டாள்தனமான காரியம் எதுவும் செய்ததில்லை. ஆனால் அலுவலகங்கள் ஓடுவதே இப்படிச் சட்டையை இழுக்கும் கைகளால்தான்.

கூண்டைப் பிரித்து ரூம் கட்டினார்கள். ஜன்னலில்லாத ரூம், இரும்புக் கதவு, திண்டுக்கல் பூட்டு. இரண்டாவது பரிசோதனைக்கு வந்த காயாரோகணம் ரூமுக்குள் போய் நின்று, தனக்கே மூச்சு முட்டியதில் திருப்தியடைந்தார். ஆனால் போகிற போக்கில் கதவைப் பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு?"

"கதவுங்க" என்றாள் கமருன்னிஸா.

"கதவுன்னு தெரியுது. கதவு இருந்தா என்னைக்காவது ஒருநாள் திறப்பீங்கதானே?"

"திறந்தாத்தானேங்க சிலிண்டரை மாத்த முடியும்?"

"மாத்தணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் வந்து பாத்ததும் செவுத்தை இடிச்சு மாத்திட்டு மறுபடியும் பூசிக்குங்க. கதவை எடுத்துட்டுச் செங்கல் வச்சு அடைச்சிடுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மூஸா இந்தத் தடவை சட்டையை இழுக்க விடவில்லை. "சரிங்க, அடைச்சிடறோம். ரூமுலேருந்து அடுப்புக்குக் குழாய் போகணுமே, அதுக்கு ஓட்டை?"

"ஓட்டையா? அந்த வழியா கேஸ் வந்துடாதா?"

"கேஸ் வரத்தானேங்க குழாய். இல்லன்னா அடுப்பு எப்படி எரியும்?"

காயாரோகணம் அவன் தோளில் கையை வைத்தார். வெறுப்பே இல்லாத, தகப்பனார் போன்ற கை. "பாய், எரியறதுக்கும் எங்க மையத்துக்கும் சம்பந்தமே இல்ல. நாங்க எரியாம பாத்துக்கிறவங்க. எரியணும்னு நீங்க நினைக்கிறீங்க, எரியக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். ரெண்டு பேருல யாரு உங்க உசுருமேல அக்கறையா இருக்கான்னு வீட்டுல கேட்டுப் பாருங்க."

ஜீப் போன பிறகு இருவரும் ரூம் வாசலுக்கு வந்தார்கள். விசா முடிய அப்போது இரண்டே வாரந்தான் இருந்தது. டிராவல்ஸ்காரர் ஏற்கெனவே ஒருமுறை வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். "கொத்தனாரை வரச் சொல்லிடுங்க மச்சான்" என்றாள் கமருன்னிஸா. "அவங்க சொல்ற மாதிரியே அடைச்சிடுவோம். சான்றிதழ் கைக்கு வந்துட்டா அப்புறம் நம்ம இஷ்டம்." மூஸா தலையாட்டினான். அவன் அவளைப் பார்க்கவில்லை, செங்கல் எத்தனை வேண்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது பரிசோதனையின்போது நிறை சிலிண்டர் ஒன்று ரூமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஏஜென்சியிலிருந்து வீரையன் மூன்று சக்கர வண்டியில் ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டுப் போனான். கொத்தனார் கதவைக் கழற்ற வருவதற்காகக் காத்திருந்தார்கள். கமருன்னிஸாதான் முதலில் முகர்ந்தாள். முட்டை அழுகியது போன்ற வாடை. கதவைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டில் பூனை சீறுகிற மாதிரி ஒரு சத்தம்.

மூஸா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு அறுவடை முடிந்து கிடந்த வயலுக்கு ஓடினான். நடுவயலில் நிமிர்த்தி வைத்து, ஈரச்சாக்கைச் சுற்றி, மூடியைத் திருகினான். மூடி போட்டும் சீறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. உள்ளே வாஷர் போய்விட்டிருந்தது. "கதவை மட்டும் அடைச்சிருந்தோம்னா..." என்று ஆரம்பித்தவன் மேலே சொல்லவில்லை. கமருன்னிஸா ரூமைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கந்தான் ஹுமைரா பாண்டி ஆடுவாள்.

ஏஜென்சிக்குப் போன் போட்டால், கசிவுப் புகாரை மையத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். கமருன்னிஸா டவுன் பஸ் பிடித்து மையத்துக்கு ஓடினாள்.

"கசியுதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் காயாரோகணம், சிலிண்டரிலிருந்து காலை எடுக்காமல்.

"வாடை அடிக்குதுங்க சார்."

"வாடையை நான் எப்படிம்மா ஃபைல்ல வைக்க முடியும்?"

"வந்து பாருங்க. சத்தமே கேக்குது. மூடி போட்டும் நிக்கல."

காயாரோகணத்தின் கால் சட்டென்று தரைக்கு இறங்கியது. அவர் முகத்தில் அவள் அதுவரை காணாத ஒரு வெளிச்சம் வந்தது. "நிக்கவே இல்லையா? இப்பவும் கசியுதா? அனுசுயா! கெடைச்சிடுச்சும்மா!"

அன்று சாயங்காலம் பாதுகாப்பு வாரத் தொடக்க விழா. வருஷா வருஷம் காலி சிலிண்டரை மேடையில் வைத்துக்கொண்டு, கசிவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதாம். போன வருஷம் மாவட்டத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, தத்ரூபமாக இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாராம். "நெசமாவே கசியற சிலிண்டர் இந்த வட்டத்துலயே கெடைக்காதும்மா. எங்க வேலை அப்படி. நீங்க அதைக் குடுங்க. மேடையிலேயே உங்க சான்றிதழைப் பெரியவர் கையால வாங்கித் தர்றேன். செங்கல்லு வச்சுக் கதவை அடைக்கவும் வேண்டாம்."

கமருன்னிஸா ஒரு கணம் யோசித்தாள். நியாயமாகப் பார்த்தால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மேடையிலேயே சான்றிதழ் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மற்றச் சொற்கள் எதுவும் அவளுக்கு விழவில்லை. "கொண்டாந்திடறோம் சார்" என்றாள்.

ஜீப்பின் பின்சீட்டில் மூஸா சிலிண்டரை மடியில் குழந்தையைப்போலப் பிடித்து உட்கார்ந்து வந்தான். எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னான். டிரைவர் பீடியைப் பற்றவைக்கப் போனபோது அவன் போட்ட சத்தத்தில் டிரைவர் பீடி, தீப்பெட்டி, இரண்டையும் சாக்கடையில் போட்டுவிட்டு வழியெல்லாம் முறைத்துக்கொண்டு வந்தார்.

விழா நடந்த கல்யாண மண்டபத்துக்கு அப்போதுதான் ஏசி போட்டிருந்தார்கள். ஊருக்கே அது புதுசு. குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று எல்லாக் கதவையும் இழுத்துச் சாத்தி, வாசலில் ஆள் வேறு போட்டிருந்தார்கள். மேடையில் 'விழிப்பே பாதுகாப்பு' என்று துணித்தட்டி. நடுவில், சிவப்புத் துணி விரித்த முக்காலிமேல் மூஸாவின் சிலிண்டர். அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, ரோஜாமாலை போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலையோடு அது சீறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டடி தள்ளி ஆளுயரக் குத்துவிளக்கு, ஐந்து முகத்திலும் திரி போட்டு, எண்ணெய் ததும்பத் தயாராக நின்றது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கமருன்னிஸா விளக்கைப் பார்த்தாள். சும்மா அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா?

காயாரோகணம் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! எரிவாயு கசிந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன? நெருப்பை அருகில் கொண்டுவரக் கூடாது. கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். ஸ்விட்சைத் தொடக் கூடாது. இவற்றையெல்லாம் இப்போது நேரடியாகச் செய்து காட்ட இருக்கிறோம். அதற்கு முன்னால், எந்த நல்ல காரியத்தையும் விளக்கேற்றித் தொடங்குவதுதான் நம் மரபு. எனவே மாண்புமிகு தலைவர் அவர்கள் குத்துவிளக்கேற்றி விழாவைத் தொடங்கிவைப்பார்!"

பெரிய அதிகாரி எழுந்தார். அனுசுயா எரிகிற மெழுகுவர்த்தியைத் தட்டில் வைத்து மேடையின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள்.

"ஏத்தாதீங்க!" கமருன்னிஸா எழுந்து கத்தினாள். "விளக்க ஏத்தாதீங்க!"

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. எல்லாத் தலைகளும் திரும்பின. எல்லாரும் முதலில் பார்த்தது அவள் முக்காட்டை. அவள் எதற்காகக் கத்தினாள் என்பதை அந்த ஒரு பார்வையிலேயே ஊர் முடிவு செய்துகொண்டது. அவளுக்கு அது புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

பெரிய அதிகாரி பரந்த மனசுக்காரர். அந்த மனசைக் காட்ட அவருக்கு அடிக்கடி சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. மைக்கை வாங்கினார். "அம்மா, உங்க உணர்வு எனக்குப் புரியுது. உங்க வழக்கத்துல விளக்கேத்துறது இல்ல. ஆனா ஒளிக்கு மதம் கெடையாது. இன்னைக்கு நம்ம ஊரு நாட்டுக்கே வழி காட்டட்டும். இந்த விளக்கோட முதல் திரியை நீங்களே வந்து ஏத்துங்க!"

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. "அதுக்கில்லீங்க, கேஸு... கேஸு கசியுது!" என்று அவள் சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை. மாதர் சங்கத்து ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்து, "வெக்கப்படாதே தாயி" என்று மேடைக்கு ஏற்றிவிட்டாள். காயாரோகணம் எரிகிற மெழுகுவர்த்தியை எடுத்துப் பெருமிதத்தோடு அவள் கையில் கொடுத்தார். பக்கத்தில் சிலிண்டர் சீறியது. ரோஜா வாசனையையும் மீறி அழுகல் வாடை வந்தது. கேமராக்காரர், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்.

கமருன்னிஸா மெழுகுவர்த்தியை வாயால் ஊதி அணைத்தாள்.

மங்கலத்துக்கு வைத்த நெருப்பை வாயால் ஊதி அணைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "ஐயையோ" என்று ஒரு குரல் வந்தது. பின்வரிசையில் நாற்காலிகள் சரிந்தன. யாரோ ஒருவர் இதற்கென்றே நாளெல்லாம் காத்திருந்தவர்போல கோஷம் போட்டார். தாசில்தார் எழுந்து, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, மேடையிலேயே உடனடியாக அமைதிக்குழு கூடுகிறது என்று அறிவித்தார். அமைதிக்குழுவுக்கு நாற்காலி போட்டார்கள். சிலிண்டர் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினார்கள். நகர்த்தியதில் மூடி இன்னும் தளர்ந்தது.

கேஸ் காற்றைவிடக் கனமானது. மடை திறந்த தண்ணீர் பள்ளத்து வயலைப் பார்த்துப் போகிற மாதிரி அது மேடையிலிருந்து வழிந்து, மேளக்காரர்கள் உட்காரும் கீழ்ப்பள்ளத்தில் போய்த் தேங்க ஆரம்பித்தது. அமைதிக்குழுவில் எல்லாரும் பெருந்தன்மையோடு பேசினார்கள். அந்தம்மா மன்னிப்புக் கேட்டால் போதும் என்று ஒருவர், மன்னிப்பைக் கூட்டாகக் கேட்பதா தனியாகக் கேட்பதா என்று இன்னொருவர். அனுசுயா மட்டும் தலை சுற்றுகிறது என்று கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள்.

அந்தக் கூச்சலில் மூஸா மேடையில் ஏறினான். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஏஜென்சி சார்பில் வந்திருந்த வீரையன் ஒரு பக்கம் பிடிக்க, மாலையோடு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினான். மண்டபம் பெருக்கும் அம்சம் என்ற பெண், அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவள், வாடையை முகர்ந்ததும் ஏசியாவது கீசியாவது என்று எல்லாக் கதவையும் படார் படாரென்று திறந்துகொண்டே போனாள். கொல்லைப்புறத்தில் கான்ஸ்டபிள் ஒருவர், விழாப் பொருளைத் திருடிக்கொண்டு ஓடுவதாக மூஸாவின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

மேடையில் சகுனத் தடை நீங்க மறுபடியும் விளக்கேற்றுவது என்று அமைதிக்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. காயாரோகணமே தீக்குச்சியை உரசினார். ஐந்து முகமும் எரிந்தது. அவர் குச்சியை உதறி, மேடைக்குக் கீழே பள்ளத்தில் போட்டார்.

குபீரென்று நீலமாக ஒரு நெருப்பு எழுந்து, துணித்தட்டியைப் பிடித்துக்கொண்டு விட்டத்துக்குப் போனது. கமருன்னிஸா தலைசுற்றிக் கிடந்த அனுசுயாவைக் கட்டி இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தாள். அம்சம் திறந்துவைத்த கதவுகள் வழியாக ஊர் வெளியே கொட்டியது. யாரும் சாகவில்லை. காயாரோகணத்தின் புருவங்கள் இரண்டும், பெரிய அதிகாரியின் பொன்னாடையும், 'பாதுகாப்பு' என்ற எழுத்துகளும் போயின.

மறுவாரம் விசாரணை நடந்தது. விபத்து எப்படி நடந்தது என்று விசாரிக்க வந்தவர்களுக்கு முதலிலேயே ஒரு சிக்கல். பாதுகாப்பு விழாவில் விபத்து நடக்க விதிகளில் இடமில்லை. புருவமில்லாத முகத்தோடு காயாரோகணம் அதை ரொம்பச் சுலபமாகத் தீர்த்துவைத்தார். "அது விபத்தே இல்லீங்க. செயல்முறை விளக்கம். கேஸ் கசியற இடத்துல நெருப்பைக் கொண்டாந்தா என்ன ஆகும்னு நாங்க பேச்சோட நிறுத்தல. உசுரைப் பணயம் வச்சுச் செஞ்சே காட்டினோம். மக்கள் எப்படி ஓடினாங்கன்னு பாத்தீங்கள்ல? அவ்வளவு விழிப்புணர்ச்சி." அவருக்குப் பாராட்டு எழுதினார்கள்.

கமருன்னிஸா சான்றிதழ் கேட்டுப் போனாள். மேடைத் தட்டில் வைத்திருந்தது பாதி கருகிவிட்டது. கருகிய சான்றிதழ் செல்லாது. புதிதாக வேண்டுமானால் முதல் பரிசோதனையிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் மன்னிப்பு விஷயத்தில் அமைதிக்குழுவின் முடிவு வந்த பிறகுதான். அதுவரை கடை பூட்டியிருக்க வேண்டும். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நான் ஊதலைன்னா அங்க எத்தனை பேரு செத்திருப்பாங்க?"

"அதான்மா பிரச்சினையே" என்றார் காயாரோகணம் வருத்தத்தோடு. "யாராவது செத்திருந்தா நீங்க சொல்றது நியாயம்னு நிரூபிச்சிருக்கலாம்."

விசாவின் கடைசி நாளைக்கு முந்தின நாள் வேன் வந்தது. மூஸா கிரில் அடுப்புக்குப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினான். எலி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அந்த ஆறு மாதத்தில் அத்தாவின் முதுகில் ஏறி விளையாடப் பழகியிருந்த ஹுமைரா வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அவளை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கமருன்னிஸா அழவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். யார்மேல் என்று காட்ட ஒரு முகம் கிடைத்திருந்தால் அன்றைக்கு அதில் காறித் துப்பியிருப்பாள். கிடைத்ததெல்லாம் உங்க நல்லதுக்குத்தான் என்று சொல்லும் முகங்கள்.

அடுத்த வருஷம் மையத்திலிருந்து ஜீப் அவள் வீட்டுக்கே வந்தது. வட்டத்திலுள்ள எல்லாக் கடைகளையும் ஆராய்ந்ததில், வருஷம் முழுக்கக் கசிவு, தீ, புகார் எதுவுமே இல்லாத கடை அவளுடையது ஒன்றுதானாம். முதல் பரிசுக் கேடயத்தோடு, பூட்டிய கடையின் நெற்றியில் மாட்ட 'மாதிரிக் கடை' என்று ஒரு பலகையும் கொண்டுவந்திருந்தார்கள். வெளியூர் அதிகாரிகளை அழைத்துவந்து காட்டப் போகிறார்கள். புருவம் நன்றாக வளர்ந்துவிட்ட காயாரோகணம் பலகையைத் தானே ஆணியடித்து மாட்டினார். இறங்கி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு சின்ன உதவிம்மா. எம் பையன் ஹரிஷ் படிச்சிட்டுச் சும்மா இருக்கான். நம்ம ஊருல எங்க வேலை இருக்கு? எதைத் தொடங்கினாலும் ஆயிரம் கெடுபிடி. உங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லி ஷார்ஜாவுல ஒரு விசா பாத்துக் குடுக்கச் சொல்லுங்களேன். அவங்க அம்மாதான், அவனை விட்டுட்டு எப்படி இருப்பேன்னு அழுவுறா."

கமருன்னிஸா கேடயத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"அனுப்பிடுங்க சார். வீட்டுல ஆளே இல்லன்னா விபத்தும் இல்ல. நீங்கதானே கத்துக் குடுத்தீங்க."

காயாரோகணத்தின் கண்கள் விரிந்தன. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஆகா! இன்னொரு தடவை சொல்லுங்கம்மா." அவள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, அவர் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்த வருஷப் பாதுகாப்பு வாரத்தில் அவருடைய பேச்சு அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியதாம். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதாம்.